வளைவில் இறங்கியவன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சட்டமும் விதியும் சொல்லித்தர எனக்கு வராது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதற்குக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறார், சுவரில் படம் போட்டுக் காட்டுகிறார், இடைவேளையில் ரோல்ஸும் தேநீரும் தருகிறார். கண்டிக் கிளையின் மோட்டார் இழப்பீட்டு மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் எரிச்சல். அதைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம்.

எரிச்சல் காலையிலேயே தொடங்கிவிடும். என்ன நடந்தது என்று கேட்டால் ஒருவர் காலையில் குடித்த பிளேன் டீயிலிருந்து ஆரம்பிப்பார். இன்னொருவர் தன் மாமாவைக் கூட்டி வருவார். மாமா விபத்து நடந்த இடத்திலேயே இருந்திருக்க மாட்டார், ஆனால் அவர்தான் பேசுவார். வாகனத்தைத் தொடாமல் வையுங்கள், பார்க்க ஆள் வருவார் என்று சொன்னால், கழுவி, பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொட்டும் வைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிழை தன் பக்கம் இருப்பவர் சத்தம் போடுவார். பிழை இல்லாதவர் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். இந்தக் கடைசி வகைதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது, இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

அந்த வகையில் முதலிடம் சந்திரனுக்கு. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கண்டிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பாடசாலை வேன்காரன். சொந்த வேன், பழையது. தோட்டத்தில் கூலி வேலைக்குப் பேர் பதியாமல் வெளியே வந்து, மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தான். அதாவது அவனுடைய வேனை யாராவது இடித்தால், இடித்தவரின் காப்புறுதிதான் அதைத் திருத்திக் கொடுக்க வேண்டும். இடித்தது ஒரு ஜீப். ஜீப்பின் காப்புறுதி எங்கள் கம்பனியில். அதனால்தான் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

ஜீப்காரர் கண்டியில் கட்டட ஒப்பந்தக்காரர். அவருடைய லொறிகள், மண் வெட்டும் இயந்திரங்கள், மகளின் கார் எல்லாமே எங்களிடம்தான். அவர் வந்தால் முகாமையாளர் அறைக் கதவு தானாகத் திறக்கும். அவர் சொன்னது இதுதான்: நான் ஹேவாஹெட்டப் பக்கம் மலை ஏறிக்கொண்டிருந்தேன், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்த வேன் மேலேயிருந்து வேகமாக இறங்கி வளைவில் என்மேல் மோதிவிட்டது. மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அப்படிப் பார்த்தால் பிழை வேனுடையது, நாங்கள் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு வண்டிக்கும் அடி வலது பக்க முன் மூலையில். மேலே போனாலும் கீழே வந்தாலும் அடி அங்கேதான் விழும். எங்கள் மதிப்பீட்டாளர் போய்ச் சேர்வதற்குள் பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறிக்கு வழிவிட்டு இரண்டையும் தள்ளி ஒதுக்கிவிட்டார்கள். தள்ளலாமா என்று சந்திரன் தயங்கியபோது ஜீப்காரர் அவன் தோளில் கை போட்டு, "நான் பாத்துக்கிறேன் தம்பி, நீ கவலப்படாத" என்றாராம். இவனும் நம்பித் தானே தள்ளியிருக்கிறான். மறுநாள் பொலிஸில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைக் கேட்டபிறகுதான் இவனுக்குத் தலை சுற்றியிருக்கிறது.

இவனுடைய வாக்குமூலம் அதற்கும் மேல். பொலிஸில் சிங்களத்தில்தான் சொல்லியிருக்கிறான், மலைப்பக்கத்துச் சாரதிகள் எல்லோருக்கும் அது வரும். அதை எங்கள் தலைமை அலுவலகத்தில் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சுருக்கத்தின்படி சந்திரன் மலை ஏறிப் போய்க்கொண்டிருந்தான், வளைவில் இறங்கி வந்துகொண்டிருந்தான். ஒரே ஆள், ஒரே வண்டி, ஒரே நேரத்தில்.

முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் அல்ல, ஆனால் கோப்பு மூடுகிற சத்தம் அவருக்குச் சங்கீதம்.

"ஏறினவனோ இறங்கினவனோ எண்டு அவனுக்கே தெரியேல்லை. இதுக்குள்ள நாங்கள் என்ன செய்யிறது? மறுத்துக் கடிதம் எழுதி முடியுங்கோ" என்றார்.

"ஆளக் கூப்பிட்டு ஒருக்கா கேட்டுட்டு எழுதுறேன் சேர்."

"கேட்டு? மூண்டாவது கதை ஒண்டு சொல்லுவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் என் எரிச்சல். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவன் பொய் சொல்கிறான் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது யோசித்துச் சொல்வான். இவ்வளவு மோசமான பொய்யை ஒருவன் யோசித்துச் சொல்லியிருக்க முடியாது என்று பட்டது. அதனால்தான் வரச் சொன்னேன்.

வந்தான். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்து, மூச்சு வாங்க என் முன்னால் நின்றான். கதிரையில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் வலது காலை ஆட்டத் தொடங்கினான். அந்த ஆட்டத்தில் என் மேசையில் இருந்த தேநீர் தளும்பியது.

"தம்பி, என்ன நடந்திச்சு? முதல்லயிருந்து சொல்லுங்க."

"மேல போய்க்கிட்டு இருந்தேன் மெடம். அந்த வளைவுல இறங்கிட்டேன். ஜீப் வந்து அடிச்சிருச்சு."

"மேல போனீங்களா, இறங்கினீங்களா?"

"மேலதான் போனேன். போறப்ப இறங்கிட்டேன்."

"அது எப்படி தம்பி முடியும்?"

"எப்பவும் அப்படித்தான் மெடம்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவன் காலை ஆட்டிக்கொண்டே கதையை வேறு பக்கம் கொண்டுபோனான். பாடசாலைத் தவணை தொடங்கப் போகிறது, பெற்றோர்கள் கேட்கிறார்கள், தெல்தோட்டை டவுனிலிருந்து இன்னொருவன் புது வேனைக் கொண்டுவந்து ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறான்.

"பாடசாலை தொறக்குற அன்னைக்கு வேன் இல்லாட்டி எல்லாப் பிள்ளைங்களும் அவன்கிட்டப் போயிரும் மெடம். போனா திரும்பி வராது. அவங்க மேலயும் பிழை சொல்ல ஏலாது, பிள்ளைங்க படிக்கணுமே. அதுக்கப்புறம் இந்த வேன வச்சி நான் என்ன செய்ய?"

"சரி தம்பி, அந்தக் கால ஆட்டாதீங்க" என்று அதட்டினேன்.

நிறுத்தினான். அதட்டியதில் எனக்கே கொஞ்சம் சங்கடமாகி, அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கால். செருப்புப் போட்ட, கீறல் கூட இல்லாத கால். மேசையில் மதிப்பீட்டாளர் எடுத்த வேனின் படங்கள் விரிந்து கிடந்தன. மூக்கு இல்லாத அந்த வகை வேன்களில் சாரதியின் முழங்காலுக்கும் முன் தகட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. படத்தில் அந்தத் தகடு உள்ளே மடிந்து, பிரேக் மிதியும் கிளச் மிதியும் ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. மதிப்பீட்டாளர் விளக்கு, கண்ணாடி, பம்பர் என்று எல்லாப் பாகத்தையும் விலையோடு எழுதியிருந்தார். நானும் அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தேன். அந்த ஆசனத்தில் ஒரு மனிதன் இருந்திருந்தால் அவன் இன்றைக்கு மாடிப்படி ஏறியிருக்க முடியாது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, உங்க காலுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "நான்தான் இறங்கிட்டேனே மெடம்."

"எதுலேருந்து?"

"வேன்லேருந்துதான். வேற எதுலேருந்து இறங்குறது?"

வெளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். அவனுக்கும் அப்போதுதான் கோபம் வந்தது.

"சொன்னேனே மெடம். பொலிஸ்ல சொன்னேன், உங்க ஆள் படம் எடுக்க வந்தப்ப சொன்னேன், இப்ப உங்ககிட்டயும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன், இறங்கிட்டேன் இறங்கிட்டேன்னு. யாரு கேட்டா?"

அவன் சொன்னது சத்தியம். வாக்குமூலம் எழுதிய சார்ஜனை அன்றே தொலைபேசியில் பிடித்தேன். நல்ல மனிதர், ஆனால் என் கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "பெஸ்ஸா கிவ்வா, மம பெஸ்ஸா லிவ்வா" என்றார். இறங்கினேன் என்று சொன்னான், இறங்கினேன் என்றே எழுதினேன் என்கிறார். தமிழைப் போலவே சிங்களத்திலும் மலையிலிருந்து இறங்குவதற்கும் வண்டியிலிருந்து இறங்குவதற்கும் ஒரே சொல்தான். அவர் பிழை விடவில்லை, சந்திரனும் பிழை விடவில்லை. தலைமை அலுவலகத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றியவர்தான் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. மலை, வளைவு, இறங்கினான் என்று இருந்தால் யாரும் அதைத்தான் தெரிவு செய்வார்கள்.

சரி, நின்ற வேன். அந்த வளைவில் ஏன் நிறுத்தினான்? அதைக் கேட்டதும் மறுபடியும் கால் ஆடத் தொடங்கியது. பெரிய இழுபறிக்குப் பிறகு சொன்னான். அந்த வளைவில் மரத்தடியில் முனியாண்டி இருக்கிறார். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஏறுகிற வழியில் தினமும் அங்கே ஓரமாக நிறுத்தி, உண்டியலில் காசு போட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போவான். அன்றைக்கும் கும்பிட்டுக்கொண்டு நின்றபோதுதான் பின்னால் சத்தம் கேட்டிருக்கிறது. மேலேயிருந்து வந்த ஜீப் வளைவை வெட்டித் திரும்பியிருக்கிறது.

"இத ஏன் தம்பி ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சாமி வாசல்லயே வச்சி அடிபட்டுச்சுன்னு எப்படி மெடம் சொல்றது? கேக்குறவன் சிரிக்க மாட்டானா? நமக்குப் போனாப் போகட்டும், சாமிக்குல்ல அவமானம்."

முனியாண்டியின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தன் பிழைப்பைத் தொலைக்க ஒருவன் தயாராக இருந்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கோபத்தோடு கோபமாக அவன்மேல் ஒரு பிரியமும் வந்தது, அதை மறைக்க வேண்டியில்லை.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். உண்மை தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்தது எனக்கு மட்டும்தான். மதிப்பீட்டாளருக்குச் சொன்னேன். அவர் உடனே, "அவனப் பொலிஸுக்கு அனுப்பிப் புதுசா ஒரு வாக்குமூலம் குடுக்கச் சொல்லுங்க மெடம், வேன் நின்னுச்சுன்னு தெளிவா" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கனவே முரணாகப் பேசியவன் என்று பேர் வாங்கியவன், காப்புறுதிக் கந்தோருக்கு வந்துபோன மறுநாள் கதையை மாற்றினால் என்ன ஆகும்? நான் சொல்லிக்கொடுத்தேன் என்பார்கள். ஜீப்காரருக்கு அதைவிட என்ன வேண்டும். சந்திரனிடம், இனி யார் கேட்டாலும் ஒன்றும் சொல்லாதே, வீட்டுக்குப் போ என்றேன். அவன் என்னையும் கைவிட்டவர்களில் ஒருத்தியாக நினைத்துக்கொண்டு படி இறங்கினான். இந்த முறை ஒவ்வொரு படியாக.

மடிந்த மிதிகளின் படத்தை வைத்து முகாமையாளரிடம் வாதாடியிருக்கலாம். அவர், சாரதி எப்படியோ தப்பினான், கடவுள் செயல் என்று முடித்திருப்பார். எனக்குத் தேவைப்பட்டது ஜீப்காரரின் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தை. அதுவும் முகாமையாளர் காதில் விழ வேண்டும்.

ஜீப்காரர் தன் ஜீப் திருத்துகிற வேலை எவ்வளவு தூரம் என்று கேட்க வந்திருந்தார். முகாமையாளர் அறையில் இருவருக்கும் தேநீர். சில விபரங்கள் நிரப்ப வேண்டும் என்று நானும் உள்ளே போனேன். நேராக, நீங்கள் ஏறினீர்களா இறங்கினீர்களா என்று கேட்டால் அவர் தயாராக வைத்திருக்கும் பதில் வரும். பிழை யாருடையது என்று கேட்டாலும் அப்படித்தான். அந்தக் கேள்விகளுக்கு எல்லோரும் வீட்டிலேயே பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் வருவார்கள். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டும்.

"உங்களுக்குக் காயம் ஒண்ணும் இல்லியே சேர்?" என்று தொடங்கினேன்.

"இல்ல மெடம். கடவுள் புண்ணியம்."

"வேன்காரனுக்கு?"

"அவனுக்கு என்ன. ஒண்ணுமில்ல."

"நல்லா பயந்திருப்பான், இல்லியா? அடிபட்ட உடனே என்ன செஞ்சான்?"

"ஐயோ, அத ஏன் கேக்குறீங்க. அந்தக் கோயில் பக்கமிருந்து தலையில கைய வச்சிக்கிட்டுக் கத்திக்கிட்டு ஓடி வந்தான். நான்தான் புடிச்சி சமாதானப்படுத்தினேன்."

முகாமையாளர் தேநீர்க் கோப்பையை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு ஜீப்காரரைப் பார்த்தார்.

"வேன ஓட்டிக்கிட்டு மேலேயிருந்து இறங்கி வந்தவன், கோயில் பக்கமிருந்து எப்படி சேர் ஓடி வருவான்?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. என் சேவைக் காலத்தில் உயர்த்தாத ஓரிரு தடவைகளில் அதுவும் ஒன்று.

அவர் ஏதேதோ சொன்னார். குதித்திருப்பான் என்றார், சரியாக நினைவில்லை என்றார், கடைசியில் இத்தனை வருடம் உங்களிடம் இருக்கிறவனையா சந்தேகப்படுகிறீர்கள் என்று எழுந்து நின்றார். எல்லா வண்டிகளையும் வேறு கம்பனிக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். முகாமையாளர் அவர் பின்னாலேயே படிவரைக்கும் போய்த் திரும்பி வந்து கதிரையில் விழுந்தார்.

"இப்ப சந்தோசமோ உங்களுக்கு?"

"ஓடுன வண்டி மேல அவர் மோதல சேர். நின்ன வண்டிய அடிச்சிருக்கார். யாரு ஏறினா, யாரு இறங்கினான்னு இனிப் பாக்கத் தேவையில்ல."

"அது எனக்கும் விளங்கினது. எனக்குக் காது இருக்கு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "குடுங்கோ. குடுத்து முடியுங்கோ. மேலிடத்துக்கு நான் சொல்லுறன்."

கொடுத்தோம். ஒப்பந்தக்காரர் சொன்னபடியே போய்விட்டார், லொறி, இயந்திரம், மகளின் கார் எல்லாவற்றோடும். ஆண்டு முடிவில் எங்கள் கிளைக்கு விழுந்த அடியில் அதுவும் சேர்ந்தது. தலைமை அலுவலகக் கூட்டத்தில் முகாமையாளர் என் பேரைச் சொல்லவில்லை. எழுந்து நின்று திட்டு வாங்கியது அவர்தான். ஆனால் அதற்குப் பிறகு நீண்ட காலம் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. நியாயமாக நடந்தால் எல்லோரும் பாராட்டுவார்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர் இந்தத் தொழிலில் இருந்தவர் அல்ல.

அதோடு என் எரிச்சல் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். வேனைத் திருத்திய கராஜ்காரர் ஒரு பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார். வந்த பாகம் இடது பக்கத்துக்கு உரியது. திருப்பி அனுப்பினோம். நாள் தவறாமல் நான் கராஜுக்குப் போன் எடுத்துக் கத்தினேன், சந்திரன் எனக்குப் போன் எடுத்து அழாத குறையாகப் பேசினான். புது வேன்காரன் பிள்ளைகளின் வீடுகளுக்கு இரண்டாம் தடவையும் போய் வந்துவிட்டதாகச் சொன்னான். தவணை தொடங்க முதல் நாள் மாலை கராஜில் யாரும் போனை எடுக்கவில்லை. சந்திரனும் எடுக்கவில்லை. வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியாமலே மஹய்யாவவில் என் வீட்டுக்குப் போனேன். அன்று சமைத்ததில் உப்பு இல்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது போன் அடித்தது. சந்திரன். பின்னால் பஸ் சத்தம், மனிதர்கள் சத்தம், எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை.

"எங்க தம்பி நிக்கிறீங்க?"

"தெல்தோட்டை டவுன்ல மெடம்." சத்தத்துக்கு மேல் கத்தினான். "பிள்ளைங்க எல்லாம் ஏறிட்டாங்க."

எனக்குப் புது வேன் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சந்திரனிடம் நான் ஒன்றைக் கற்றிருந்தேன்.

"எதுல தம்பி ஏறிட்டாங்க?"

"நம்ம வேன்லதான் மெடம். வேற எதுல ஏறுறது?"